வேவுப் படை அதிகாரி ஹான்ஸ் ஃபான் லுக்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய வேவுப் படையில் இருந்த ஹான்ஸ் ஃபான் லுக் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ரோமலைத் தெரியும். இவர் யார் சார்? கேள்விப்பட்டதே இல்லையே?

பாலைவனப் போரில் பெயர் வாங்கிய ஜெர்மானியத் தளபதி ரோமலின் மாணவர் என்றே ஆரம்பிக்கலாம். 1911-ல் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் பிறந்து, 1929-ல் ராணுவத்தில் சேர்ந்தார். டிரெஸ்டன் காலாட்படைப் பள்ளியில் இவருக்குப் பாடம் நடத்திய வாத்தியார் ரோமல். 1940-ல் பிரான்ஸுக்குள் பாய்ந்த 7-ஆம் பான்சர் (டாங்கி) டிவிஷனுக்கு அதே ரோமல் தளபதியாக வந்தார். லுக் அதன் வேவுப் பிரிவில் இருந்தார். மே 28 அன்று லீல் நகருக்குப் பக்கத்தில் அந்தப் பிரிவின் தலைவர் மேஜர் எர்ட்மன் குண்டுபட்டு இறந்தார். ரோமல் பொறுப்பை லுக்கிடம் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள், ஜூன் 10-ல், டிவிஷன் ஆங்கிலக் கால்வாய்க் கரையைத் தொட்டுவிட்டது.

அப்புறம் 1941-ல் ரஷ்யா. மாஸ்கோவுக்கு வடக்கே யாக்ரோமா ஊர்க் கால்வாய் வரை போய்ப் பின்வாங்கிய படையில் இவரும் ஒருவர். 1942-ல் ரோமல் கேட்டு வாங்கியதால் ஆப்பிரிக்கா, 1944-ல் பிரான்ஸின் நார்மண்டி. 1945 ஏப்ரலில் பெர்லினுக்குத் தெற்கே ஹால்பே சுற்றிவளைப்பில் சோவியத் படையிடம் பிடிபட்டார்.

கேள்வி: வேவு என்றால் மாறுவேடம் போட்டுக்கொண்டு எதிரி ஊருக்குள் போவதா?

இல்லை, அது ஒற்றன் வேலை. இவர்கள் சீருடையிலேயே, முதன்மைப் படைக்குப் பல கிலோமீட்டர் முன்னால் போகிறவர்கள். பாலம் நிற்கிறதா, எதிரி எங்கே, எத்தனை வண்டி என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால்தான் சுட வேண்டும்.

இவர்களுடைய எட்டுச் சக்கரக் கவச வண்டி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். முன்னால் ஒரு ஓட்டுநர், பின்னால் ஒரு ஓட்டுநர். முன்னே போகிற அத்தனை கியரும் ரிவர்ஸிலும் உண்டு. மாட்டிக்கொண்டால் வண்டியைத் திருப்பவே வேண்டாம். பின்னால் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்து அதே வேகத்தில் வந்த வழியே பறந்துவிடுவார். பார்த்துவிட்டு உயிரோடு திரும்புவதுதான் வேலை என்பதை அந்த வண்டியே சொல்லிவிடுகிறது.

கேள்வி: மொத்தம் எத்தனை மெடல் வாங்கினார்? எது பெரிசு, எது சிறிசு என்று புரியவில்லை.

படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படி இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு, லட்சக்கணக்கானோர் வாங்கியது. அடுத்தது முதல் வகுப்பு. மேலே நைட்ஸ் கிராஸ், கழுத்தில் தொங்குவது. போர் முடியும் வரை சுமார் 7,300 பேருக்குத்தான் கிடைத்தது. முதல் வகுப்புக்கும் நைட்ஸ் கிராஸுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்று 1941 செப்டம்பரில் 'ஜெர்மன் சிலுவை' என்று ஒன்றைப் புதிதாகச் செருகினார்கள். வட்டமாக, பெரிதாக, பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். சிப்பாய்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர், நம் ஊர் பாஷையில் சொன்னால், 'ஆஃப் பாயில்'!

இந்த நாலும் லுக்கிடம் இருந்தன, ஜெர்மன் சிலுவை தங்கத்தில். போதாததற்கு இத்தாலியின் வீரத்துக்கான வெள்ளிப் பதக்கமும் உண்டு.

கேள்வி: நைட்ஸ் கிராஸ் ஆப்பிரிக்க வேவு வேலைக்காகத்தானே அண்ணே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிடைத்த தேதி 1944 ஆகஸ்ட் 8. அப்போது அவர் வேவுப் பிரிவிலேயே இல்லை. 21-ஆம் பான்சர் டிவிஷனின் 125-ஆம் காலாட்படை ரெஜிமென்டை நார்மண்டியில் நடத்திக்கொண்டிருந்தார். போலந்து, பிரான்ஸ், ரஷ்யா, ஆப்பிரிக்கா என்று வருடக்கணக்காக வேவு பார்த்தவருக்குக் கழுத்துப் பதக்கம் கிடைத்தது ஓரிடத்தில் நின்று தடுத்த சண்டைக்குப் பிறகுதான்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வேவுக்காரன் வேலையை ஒழுங்காகச் செய்தால் சண்டையே நடக்காமல் போகலாம். நடக்காத சண்டைக்கு யார் பரிந்துரை எழுதுவார்கள்? எதிரியின் ஆநிரையைக் கவர்வதைப் பாடும் நம் வெட்சித் திணையில் வேவு பார்த்துச் சொன்னவனுக்குப் பங்கைக் கூட்டிக் கொடுப்பதற்குப் 'புலனறி சிறப்பு' என்று ஒரு துறையே இருக்கிறது. ஜெர்மானியப் பதக்கப் பட்டியலில் அப்படித் தனியாக ஒரு படி கிடையாது.

நைட்ஸ் கிராஸுக்காக ஏங்கிய அதிகாரிகளும் இருந்தார்கள். பதக்கம் கழுத்தில் தொங்குவது என்பதால் அவர்களைப் பார்த்துச் சிப்பாய்கள் 'இவருக்குத் தொண்டை வலி' என்பார்களாம்.

கேள்வி: நார்மண்டியின் கான்யீ கிராமத்தில் துப்பாக்கியைக் காட்டிப் பீரங்கிக்காரர்களை மிரட்டினாராமே, நிஜமா?

1944 ஜூலை 18. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனரக விமானங்கள் குண்டு வீசி முடித்ததும் பிரிட்டிஷ் டாங்கிகள் கிளம்பின. லுக் அன்று காலைதான் பாரிஸிலிருந்து திரும்பியிருந்தார். கான்யீயில் ஜெர்மன் விமானப்படையின் 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் சும்மா நிற்பதைப் பார்த்தார். டாங்கியைச் சுடுவது என் வேலையில்லை என்று அதன் அதிகாரி சொன்னதும் கைத்துப்பாக்கியை உருவி, 'செத்துப்போகிறாயா, மெடல் வாங்குகிறாயா' என்ற அர்த்தத்தில் கேட்டார்.

இதைச் சொல்வது அவரே, போர் முடிந்து பல வருடம் கழித்து. அன்று வானிலிருந்து எடுத்த படங்களைத் துழாவிய பிற்கால ஆய்வாளர்கள், அந்த இடத்தில் 88-கள் இருந்த தடயமே இல்லை என்கிறார்கள். அந்தப் பகுதியில் பிரிட்டிஷ் டாங்கிகள் வரிசையாக எரிந்தது நிஜம். எந்தப் பீரங்கி எரித்தது என்பதில்தான் தகராறு. என் கணக்கில், அவர் அன்று தற்காப்பை இழுத்துக் கட்டியது உறுதி. துப்பாக்கிக் காட்சி சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் பாலிஷ் ஏறியிருக்கலாம்.

கேள்வி: பாலைவனத்தில் ஆங்கிலேயரோடு சிகரெட் பேரம் பேசிய கதை?

அதுவும் அவர் சொன்னதுதான், ஆனால் ருசியான கதை. எதிரே ராயல் டிராகூன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேவுப் படை. தினமும் மாலை 5 மணிக்கு இரு பக்கமும் சண்டையை நிறுத்திவிட்டு, பிடிபட்டவர்கள் சுகமா என்று வயர்லெஸ்ஸில் விசாரித்துக்கொள்வார்களாம். ஒரு நாள் சிகரெட் கம்பெனிக் குடும்பத்து லெப்டினன்ட் ஒருவர் இவர்களிடம் மாட்டினார். விலை பத்து லட்சம் சிகரெட் என்றது ஜெர்மன் தரப்பு. ஆறு லட்சம் தருகிறோம் என்றார்கள் ஆங்கிலேயர். அந்தக் கைதிக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து லட்சத்துக்குக் குறைந்து தன்னை விற்கக் கூடாது என்று மறுத்துவிட்டாராம்!

கேள்வி: என்ன இருந்தாலும் ஹிட்லரின் சிப்பாய். எதற்கு இவ்வளவு சிலாகிப்பு?

நியாயமான கேள்வி. பாலைவனத்தில் ஊர் இல்லை, மக்கள் குறைவு, அதனால் கனவான் போர் என்று எழுத முடிந்தது. அதே ராணுவம் சோவியத் மண்ணில் படுகொலைகளில் கைகோத்தது. லுக்கின் காதலி டாக்மாருக்குக் கொஞ்சம் யூத வம்சாவளி இருந்ததால் கல்யாணத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அரசு எப்படிப்பட்டது என்று வீட்டு வாசல் வரை வந்து தெரிந்த பிறகும் கடைசி வரை அதற்காகச் சண்டை போட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் நான் இவரைப் படிக்கிறேன்.

கேள்வி: போருக்குப் பிறகு?

காகசஸ் பக்கம் சுரங்க வேலையோடு சோவியத் முகாம். ஏறத்தாழ 5 வருடம். ஹாம்பர்க் திரும்பி ஓட்டலில் இரவு வேலை, பிறகு காபி வியாபாரம். நார்மண்டியில் இவருக்கு எதிரே இருந்து ஒரு பாலத்தைப் பிடித்த மேஜர் ஜான் ஹவர்ட் பின்னாளில் இவருக்கு நண்பரானார். பிரிட்டிஷ் ராணுவ மாணவர்களுக்கு இருவரும் அந்த இடத்திலேயே நின்று பாடம் எடுத்தார்கள். 1997-ல் காலமானார்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் இரும்புச் சிலுவை விற்கிறார். வாங்கலாமா?

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அசலில் நடுப்பகுதி பெரும்பாலும் இரும்பு, ஓரம் வெள்ளி நிறம். காந்தம் ஒட்டாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஒட்டினாலும் சந்தேகப்படுங்கள், போலி செய்பவனுக்கும் இரும்பு கிடைக்கும். ஜெர்மனியில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பரிசாக அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்வஸ்திகாவோடு அதை வெளியே அணிவது அங்கே குற்றம். 1957 சட்டப்படி முன்னாள் வீரர்கள்கூட அந்தச் சின்னம் நீக்கிய பதிப்பைத்தான் அணிய முடிந்தது.