ஸ்கோலியோசிஸ் அறுவையில் ஸ்க்ரூ: கேட்டவர்களுக்குப் பதில்

வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவையில் ஸ்க்ரூ பொருத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. முதுகெலும்பு அறுவை மருத்துவனாக என் பதில்கள்.

ஒரு தாய்: டாக்டர், என் பொண்ணுக்கு 14 வயசு, வளைவு 58 டிகிரி. தண்டுவடத்துக்குப் பக்கத்துலயே ஸ்க்ரூ போடுவாங்களாமே? நினைச்சாலே தூக்கம் வரல.

பக்கத்தில்தான் அம்மா, மறைக்க மாட்டேன். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் பின்பகுதியையும் முன்பகுதியையும் இணைக்கும் குட்டையான எலும்புக் கழுத்து, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு உண்டு. அதைப் பெடிக்கிள் என்போம். ஸ்க்ரூ அதற்குள்தான் போகிறது. அதன் உட்சுவரைத் தாண்டினால் தண்டுவடம். நேரான முதுகில் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். வளைந்த முதுகிலோ தண்டுவடம் வளைவின் குழிந்த பக்கம் ஒதுங்கிவிடும். அங்கே 1 மி.மீ. கூட மிஞ்சாது. அந்தப் பக்கத்துப் பெடிக்கிள்தான் ஒல்லியாகவும் இருக்கும்.

இவ்வளவும் இருந்தும், உங்கள் மகள் வயதினருக்குச் செய்யும் இந்த அறுவையில் நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அறுவை முடியும்வரை நரம்பு சிக்னலைக் கண்காணிப்பார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

பயிற்சி மருத்துவர்: சார், குழிந்த பக்கத்தில் என் ஸ்க்ரூ அடிக்கடி வெளிச்சுவரை உடைத்துக்கொண்டு போகிறது. துளையிடும் இடம் சரியாகத்தான் இருக்கிறது.

இடம் சரி, சாய்வு தப்பு. வளைவின் உச்சியில் முள்ளெலும்பின் உடல் குவிந்த பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே குழிந்த பக்கப் பெடிக்கிளுக்குள் போக, ப்ரோபின் (எலும்புக்குள் பாதை தோண்டும் கம்பியின்) கைப்பிடி வெளிப்பக்கமாக நன்றாகச் சாய வேண்டும். காயத்தின் ஓரத்துத் தசை அதை விடாது, நிமிர்த்தித் தள்ளும். நாம் சாய்த்துப் பிடித்திருப்பதாக நினைப்போம், முனை வெளியே ஓடியிருக்கும். முள்ளெலும்பின் பக்கவாட்டில் நீளும் பக்க முனையின் நுனிவரை தசையை விலக்குங்கள். டேபிளைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னாலும் கை வசப்படும். குவிந்த பக்கத்தில் கதை தலைகீழ்: பழக்க தோஷத்தில் உள்நோக்கிச் சாய்த்தால் நேரே தண்டுவடம் இருக்கும் கால்வாய்க்குள் போய் நிற்பீர்கள்.

அப்புறம் கை சொல்வதைக் கேளுங்கள். வளைந்த ப்ரோபின் முனையை முதல் 20 மி.மீ. வரை வெளிப்பக்கம் பார்க்க வைத்து இறக்கி, வெளியே எடுத்து, உட்பக்கம் திருப்பி மீதித் தூரம் போங்கள். உள்ளே ஈர மணலைக் கிளறுவது போல் கொரகொரவென்று ஒரே சீராக இறங்க வேண்டும். 'சடக்'கென்று வழிவிட்டால் அது நல்ல செய்தி அல்ல. பிறகு உருண்டை முனைக் கம்பியால் நான்கு சுவர்களையும் அடித்தளத்தையும் தடவுங்கள். மரை வெட்டிய பின் இன்னொரு முறை. மார்புப் பகுதி வளைவுகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் குவிபவை. அவற்றில் இடப்பக்கம் வெளியே போன நீளமான ஸ்க்ரூவுக்கு எதிரே மகாதமனி இருக்கலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: நேவிகேஷன் வாங்கிவிட்டால் இந்தத் தடவல் எல்லாம் எதற்கு?

நேவிகேஷன், அதாவது கருவி எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன் படத்தின் மேல் திரையில் காட்டும் முறை, தவறுகளைக் குறைக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் திரையில் தெரிவது ஸ்கேன் எடுத்த நொடியின் முதுகெலும்பு. அந்தக் கணக்குக்கு ஆதாரமான அடையாளச் சட்டம் ஒரே ஒரு முள்ளெலும்பில்தான் கவ்வியிருக்கும்; அதிலிருந்து தள்ளிப்போகப் போக நம்பகம் குறையும். ஒருமுறை உதவியாளரின் முழங்கை சட்டத்தில் லேசாக இடித்தது, யாரும் கவனிக்கவில்லை. திரையில் பாதை நட்ட நடுவே. துளைக்குள் கம்பியை நுழைத்துத் தடவினேன், உட்சுவர் இல்லை. அன்று மறுபடி ஸ்கேன் எடுத்தோம். அதிலிருந்து ஒவ்வொரு மட்டத்திலும் தெரிந்த எலும்பு முனை ஒன்றைத் தொட்டு, திரையும் அதையே காட்டுகிறதா என்று பார்த்த பிறகே துளையிடுகிறேன்.

அதே நபர்: ரோபோ?

அதுவும் அந்தப் படத்தை நம்பித்தான் நிற்கிறது. சரிவான எலும்பில் டிரில் வழுக்கினால் ரோபோவுக்கும் வழுக்கல்தான்.

கண்காணிப்பு டெக்னீஷியன்: ஸ்க்ரூ இறங்கியதும் கால்களின் நரம்பு சிக்னல் விழுந்தால் முதலில் என்ன, சார்?

கையை நிறுத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். மயக்க மருத்துவர் சராசரி ரத்த அழுத்தத்தை 80க்கு மேல் ஏற்றட்டும். மயக்க வாயு கலந்ததா, உடல் குளிர்ந்ததா என்றும் பார்க்கட்டும். நீங்கள் மின்முனைகளைப் பாருங்கள். அதற்குள் நான் கடைசியாகச் செய்ததைத் திரும்ப எடுப்பேன், அந்த ஸ்க்ரூ உட்பட. காரணத்தை ஆராய்வது பிறகு.

ஒரு தந்தை: ஆபரேஷன் முடிஞ்சு எடுத்த சி.டி.யில ஒரு ஸ்க்ரூ 2 மி.மீ.க்கு உள்ளதான் வெளியே இருக்காம். எடுத்துடணுமா?

பையனுக்கு வலியோ மரப்போ இல்லையென்றால், பெரும்பாலும் வேண்டாம் ஐயா. கெர்ட்ஸ்பீன்–ராபின்ஸ் அளவுகோலில் 2 மி.மீ.க்குக் குறைவான விலகல் பி வகை, ஏற்கத்தக்கதாகவே எண்ணுகிறோம். ரத்தக்குழாயைத் தொட்டால் மட்டும் பேச்சு வேறு.

பயிற்சி மருத்துவர்: ரொம்ப ஒல்லியான பெடிக்கிளை விட்டுவிட்டால் வளைவு நிமிராதா, சார்?

நிமிரும். எல்லா மட்டத்திலும் இரண்டு ஸ்க்ரூ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹூக் மாட்டலாம், முள்ளெலும்பின் பின்பக்கத் தகட்டெலும்புக்கு அடியில் பட்டை கட்டலாம், சும்மாவும் விடலாம். குறைந்த கதிர்வீச்சில் எடுத்த சி.டி.யில் முன்கூட்டியே ஒவ்வொன்றாக அளந்து, 'இடப்பக்கம், 6ஆவது முள்ளெலும்பு: ஸ்க்ரூ இல்லை' என்று போர்டில் எழுதிவிட்டுத்தான் நான் கை கழுவப் போவேன்.