நீராவி எஞ்சினை வெல்ல வந்த 103: சரக்கு ரயிலுக்கு டீசல் எப்படி வந்தது?

கேள்வி, நீராவி கோலோச்சிய காலத்தில் சரக்கு இழுக்க டீசலை எப்படி நம்பினார்கள் என்பதுதானே? ஓட்டிக் காட்டித்தான் நம்ப வைத்தார்கள்.

1939-இல் ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான எலெக்ட்ரோ-மோட்டிவ், எஃப்டி என்ற சரக்கு டீசல் வகையின் மாதிரி எஞ்சினை 103 என்ற எண்ணுடன் வெளியே விட்டது. நான்கு எஞ்சின் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 1,350 குதிரைத்திறன், மொத்தம் 5,400. சுமார் 11 மாதங்களில் 20 ரயில்வேக்களின் தடங்களில் 83,764 மைல் ஓடியது. அந்தந்த ரயில்வேயின் சொந்தச் சரக்கையே அவர்கள் கண்ணெதிரே இழுத்துக் காட்டியது.

எஃப்டியை முதலில் வாங்கியது சாண்டா ஃபே என்ற அமெரிக்க ரயில்வே. காரணம் தண்ணீர். அரிசோனா பாலைவனத்தில் நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீரையே டேங்கர் வண்டிகளில் கொண்டுபோக வேண்டியிருந்தது. டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் டைனமிக் பிரேக். மலை இறக்கத்தில் பிரேக் கட்டை உரசி உரசிச் சக்கரம் கொதிக்கும். அது ஆறும்வரை ரயிலை நிறுத்தி வைப்பார்கள். எஃப்டியில் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரே இறக்கத்தில் ஜெனரேட்டராக மாறும். வரும் மின்சாரம் கூரையிலுள்ள மின்தடைகளில் வெப்பமாக வெளியேறும், வேகமும் கட்டுக்குள் நிற்கும். எவ்வளவு அழகான யோசனை! இன்றைய டீசல் எஞ்சின்களிலும் இதே முறைதான்.

103-இன் ஒரு பகுதி இப்போது செயின்ட் லூயிஸ் அருகே போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது.