உடலைக் குறிவைக்கும் பந்து: பேஸ்பாலில் பழிக்குப் பழி குறித்த கேள்வி பதில்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் பேட்டர்கள் உடலில் பந்து வாங்குவது பற்றியும், அதற்கு எதிரணி பதிலடி கொடுக்கும் வழக்கம் பற்றியும் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: பிட்சர் (பந்தை எறிபவர்) எறிந்த பந்து பேட்டரின் உடலில் பட்டால், எப்போதுமே அவருக்கு முதல் பேஸ் கிடைத்துவிடுமா?

பெரும்பாலும் கிடைத்துவிடும். (பேஸ் என்பது ரன் எடுக்க ஓடும் வீரர் வரிசையாகத் தொட வேண்டிய நிலை.) மூன்று பேஸ்களிலும் ஆள் நின்றுகொண்டிருந்தால் ஒரு ரன்னும் சேரும். ஆனால் மூன்று விலக்குகள் உண்டு. பேட்டர் மட்டையை வீசிய நிலையில் பந்து பட்டால் அது ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் ஆட்டமிழப்பார்). ஸ்டிரைக் எல்லைக்குள் (பேட்டர் அடிக்கக்கூடியது என்று வகுத்த பகுதிக்குள்) வந்த பந்தில் அவராக உடலை நீட்டினாலும் ஸ்டிரைக். எல்லைக்கு வெளியே வந்த பந்திலிருந்து விலக அவர் முயலவே இல்லை என்று அம்பயர் கருதினால் அது வெறும் ‘பால்’ (நான்கு சேர்ந்தால்தான் முதல் பேஸ் கிடைக்கும்) என்றே கணக்கிடப்படும்.

மூன்றாவது விலக்கு மிக அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. 1968 மே 31 அன்று, தொடர்ந்து ரன் கொடுக்காமல் எறிந்துவந்த பிட்சர் டான் டிரைஸ்டேல், பேஸ்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பேட்டர் டிக் டீட்ஸின் மீது பந்தை எறிந்துவிட்டார். டீட்ஸ் விலக முயலவில்லை என்று அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் தீர்ப்பளித்ததால் டிரைஸ்டேலின் சாதனைத் தொடர் உடையாமல் தப்பியது. 2021 ஏப்ரலில் இதற்கு நேர்மாறாக, மெட்ஸ் அணியின் மைக்கேல் கன்ஃபோர்ட்டோ ஸ்டிரைக் எல்லைக்குள் முழங்கையை நீட்டிப் பந்து வாங்கினார். அதன்மூலம் வெற்றி ரன்னே கிடைத்தது. அதை ஸ்டிரைக் என்று அறிவித்திருக்க வேண்டும் என்று அம்பயர் ரான் குல்பா பின்னர் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: இந்த விளையாட்டில் பந்து பட்டு யாராவது இறந்திருக்கிறார்களா?

அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக் ஆட்டத்தில் ஒருவர் இறந்திருக்கிறார். பழிக்குப் பழி பற்றிப் பேசுவதற்கு முன் அவரைப் பற்றி அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1920 ஆகஸ்ட் 16, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன், யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸை எதிர்கொண்டார். மேஸ் கையை ஏறக்குறைய தரையளவு தாழ்த்தி எறிபவர். அந்தக் காலத்தில் ஒரே பந்து அழுக்கேறிக் கறுத்த பிறகும் ஆட்டத்தில் இருக்கும் என்பதால், அது வருவதே பேட்டருக்குச் சரியாகத் தெரியாது. பந்து சாப்மனின் தலையில் பட்டு எழுப்பிய ஓசையைக் கேட்டு, மட்டையில்தான் பட்டது என்று எண்ணிய மேஸ், தன்னை நோக்கி உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். சாப்மன் மறுநாள் அதிகாலையில் உயிரிழந்தார். அவருக்கு வயது 29.

அதன் பிறகு அழுக்கான பந்துகளை உடனுக்குடன் மாற்றும்படி அம்பயர்களுக்கு உத்தரவிடப்பட்டது. ஹெல்மெட் கட்டாயமாவதற்கோ 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1967 ஆகஸ்ட் 18 அன்று பாஸ்டனின் இளம் நட்சத்திரமான டோனி கொனிலியாரோவின் இடது கன்ன எலும்பை ஜாக் ஹாமில்டனின் பந்து நொறுக்கியது. அப்போது கொனிலியாரோவுக்கு வயது 22. காது மறைப்பு இல்லாத ஹெல்மெட்டைத்தான் அவர் அணிந்திருந்தார். பார்வை பாதிக்கப்பட்டு, 1968 பருவம் முழுவதையும் அவர் இழந்தார்.

இந்த இரண்டு பந்துகளும் வேண்டுமென்றே எறியப்பட்டவை என்று எவரும் நிறுவவில்லை. எறிபவர் நினைக்காமலே இவ்வளவு நேர்ந்திருக்கிறது என்றால், நினைத்து எறிவதை எப்படி நியாயப்படுத்துவது?

கேள்வி: அப்படியானால் உடலுக்கு அருகே எறிவதையே தடை செய்துவிடலாமே?

அது முடியாது, தேவையும் இல்லை. தட்டின் (பேட்டர் நிற்கும் இடத்தருகே தரையில் பதித்த பலகை) வெளிப்பக்கம் மட்டுமே பந்து வரும் என்று தெரிந்துவிட்டால் பேட்டர் முன்னால் சாய்ந்து எல்லாப் பந்தையும் விளாசிவிடுவார். உட்பக்கம் எறிவது பிட்சரின் நியாயமான உரிமை. ஆனால் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து தட்டு வரை தூரம் சுமார் 18.4 மீட்டர்தான். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து ஏறத்தாழ 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். வேகம் ஆண்டுதோறும் கூடிவரும் நிலையில் கட்டுப்பாடு அதே அளவுக்குக் கூடவில்லை. 2021 பருவத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட முறை பேட்டர்கள் பந்து வாங்கினார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கைதவறி நேர்ந்தவை.

கேள்வி: கைதவறியதா, குறிவைத்ததா என்று அம்பயருக்கு எப்படித் தெரியும்?

உறுதியாகத் தெரியாது. சூழ்நிலையை வைத்துத்தான் முடிவு செய்கிறார். முந்தைய இன்னிங்ஸில் ஏதேனும் உரசல் நடந்ததா, பேட்டர் வந்ததும் முதல் பந்தே விலாவை நோக்கி வந்ததா, அது வளையும் பந்தா நேர்வேகப் பந்தா, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கையுறையை வெளிப்பக்கம் வைத்திருக்கப் பந்து முதுகை நோக்கிப் போனதா என்பவற்றையெல்லாம் பார்க்கிறார். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு பேஸைத் தானமாகக் கொடுக்க எந்தப் பிட்சரும் விரும்பமாட்டார் என்பதால் ஸ்கோரும் ஒரு சான்றாகிறது. ஐயம் எழுந்தால் இரு அணிகளையும் எச்சரிக்கலாம், அல்லது பிட்சரையும், தேவைப்பட்டால் மேனேஜரையும் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) வெளியேற்றலாம்.

இவற்றுள் பேட்டரின் பின்பக்கமாக எறியப்படும் பந்தே என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. பந்து தன்னை நோக்கி வருகிறது என்று உணர்ந்ததும் மனிதர் இயல்பாகப் பின்னால்தான் சாய்வார், அதாவது பந்தின் பாதைக்குள்ளேயே போவார்.

கேள்வி: எதற்காகவெல்லாம் பழிவாங்குகிறார்கள்?

தம் அணி வீரர் மீது பந்து பட்டால் எதிரணி வீரர் ஒருவர் மீது எறிவது பழைய வழக்கம். இதைத் தவிர எங்கும் எழுதப்படாத மரியாதை விதிகள் பல இருக்கின்றன. ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்துவிட்டு மட்டையைச் சுழற்றி எறியக்கூடாது, பெரிய முன்னிலையில் இருக்கும்போது பேஸ் திருடக்கூடாது (பந்து எறியப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடக்கூடாது) என்பவை அவற்றில் சில.

2021 மே 17 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி மின்னசோட்டாவுக்கு எதிராக 15–4 என்று முன்னிலையில் இருந்தபோது, பிட்சரே அல்லாத ஒருவர் மெதுவாக எறிந்த பந்தை யெர்மின் மெர்செடஸ் ஹோம் ரன்னாக அடித்தார். மூன்று ‘பால்’, ஸ்டிரைக் எதுவும் இல்லாத அந்த நிலையில் மட்டையை வீசியிருக்கக் கூடாதாம். மறுநாள் மின்னசோட்டாவின் டைலர் டஃபி அவருக்குப் பின்னால் ஒரு பந்தை எறிந்தார். மெர்செடஸின் சொந்த மேனேஜர் டோனி லா ரூஸாவே அந்தப் பந்தில் தனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். தன் வீரரின் முதுகுக்குப் பின்னால் பந்து பறக்கும்போது, அவர் பக்கம் நிற்பதுதான் ஒரு மேனேஜரின் முதல் கடமை என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: இதனால் குற்றம் செய்தவருக்குத்தானே அடி விழுகிறது? அதில் ஒரு நீதி இல்லையா?

பலமுறை அடி விழுவது வேறு யாருக்கோ. 2017 மே 29 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹன்டர் ஸ்டிரிக்லண்ட், வாஷிங்டனின் பிரைஸ் ஹார்ப்பரின் இடுப்பில் பந்தை எறிந்தார். 2014 பிளேஆஃப் தொடரில் ஹார்ப்பர் அவரிடம் இரண்டு ஹோம் ரன் அடித்திருந்தார் என்பது தவிர வேறு காரணம் எவருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டு உலகத் தொடர் எனப்படும் சாம்பியன் பட்டப் போட்டியை வென்றதோ ஸ்டிரிக்லண்டின் அணிதான். ஹார்ப்பர் ஹெல்மெட்டை எறிந்துவிட்டுப் பாய, இருவரும் குத்திக்கொண்டார்கள். கேட்சர் பஸ்டர் போஸி இடத்தைவிட்டு நகராமல் நின்றார். ஆனால் இருவரையும் விலக்க ஓடிவந்த சான்ஃபிரான்சிஸ்கோவின் மைக்கேல் மோர்ஸும் அவருடைய சக வீரர் ஜெஃப் சமார்ட்சிஜாவும் முழு வேகத்தில் மோதிக்கொண்டதில் மோர்ஸின் மூளை அதிர்ச்சிக்குள்ளானது. அவர் மீண்டும் ஒரு மேஜர் லீக் ஆட்டத்தில்கூட ஆடவில்லை. பந்தை எறிந்தவருக்குக் கிடைத்தது 6 ஆட்டத் தடை. மூன்றாண்டு வன்மத்துக்கான விலையைச் செலுத்தியவர் அவருடைய அணியைச் சேர்ந்த மோர்ஸ்.

கேள்வி: பிட்சர்களும் மட்டை பிடித்தால் இப்படி எறியத் தயங்குவார்கள் என்கிறார்களே?

மேஜர் லீகின் இரு பிரிவுகளில் அமெரிக்கன் லீக் 1973இலும், நேஷனல் லீக் நிரந்தரமாக 2022இலும் பிட்சருக்குப் பதிலாக வேறொருவரை பேட் செய்யவைக்கும் முறைக்கு மாறின. அதற்கு முன் அச்சம் ஒரு கட்டுப்பாடாக இருந்தது என்ற வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் 1984 ஆகஸ்ட் 12 அன்று அட்லாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். ஆட்டத்தின் முதல் பந்திலேயே பாஸ்குவல் பெரெஸ், சான்டியாகோவின் ஆலன் விகின்ஸை அடித்தார். பெரெஸ் மட்டை பிடிக்க வந்தபோதெல்லாம் சான்டியாகோ பிட்சர்கள் அவரைக் குறிவைத்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில்தான் பந்து அவர்மீது பட்டது. அன்று மைதானம் பலமுறை கைகலப்புக் களமாகி, பத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அச்சம் அன்று எவரையும் தடுக்கவில்லை.

கேள்வி: ஹியூஸ்டன் அணி ஏமாற்றியது உண்மை. வீரர்களை யாரும் தண்டிக்கவில்லை. ஜோ கெல்லி செய்தது சரிதானே?

கோபம் நியாயமானது. 2017இல் அடுத்து என்ன பந்து என்று பிட்சருக்குச் சொல்லும் எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமரா மூலம் திருடியது நிரூபணமான பிறகும், விசாரணைக்கு ஒத்துழைத்த வீரர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2020 ஜூலை 28 அன்று டாட்ஜர்ஸ் அணியின் கெல்லி, அலெக்ஸ் பிரெக்மனின் தலைக்குப் பின்னால் எறிந்தபோது கோடிக்கணக்கானோர் மனத்துக்குள் கைதட்டியிருப்பார்கள். இருந்தாலும் தலைமை அலுவலகம் தவறவிட்ட தண்டனையைத் தலைக்குப் பின்னால் எறிந்து ஈடுகட்ட முடியாது. அந்தப் பந்து சில அங்குலம் தள்ளி வந்திருந்தால் இன்று கெல்லியைப் புகழ்கிறவர்களில் எத்தனை பேர் புகழ்வார்கள்? அவருக்கு விதிக்கப்பட்ட 8 ஆட்டத் தடை பின்னர் 5ஆகக் குறைக்கப்பட்டது.

கேள்வி: கிரிக்கெட்டில் பவுன்சர் அனுமதிக்கப்படுகிறதே, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பவுன்சரை விளாசி நான்கோ ஆறோ எடுக்கலாம், அது ஆட்டத்துக்குள்ளேயே ஒரு போட்டி. முதுகைக் குறிவைத்த பேஸ்பால் பந்தில் பேட்டருக்கு அப்படி எந்த வாய்ப்பும் இல்லை.

கேள்வி: இதை நிறுத்த என்ன செய்யலாம்?

தண்டனையைக் கூட்ட வேண்டும். தொடக்கப் பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிகிறார் என்பதால், 5 ஆட்டத் தடை என்பது நடைமுறையில் அவருடைய ஓர் ஆட்டத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதுதான். தடையை அணி ஆடும் ஆட்டங்களின் கணக்கில் அல்லாமல், அவர் தொடங்க வேண்டிய ஆட்டங்களின் கணக்கில் விதிக்க வேண்டும். ஜப்பானில் தலையில் பட்ட பந்து அபாயகரமானது என்று அம்பயர் கருதினால், நோக்கம் என்னவென்று ஆராயாமலே பிட்சர் வெளியேற்றப்படுகிறார். தவறி எறிந்த பிட்சர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்பதும் அங்கே வழக்கம்.

அங்கே ஆடிப் பழகிய ஷோஹெய் ஓட்டானி, 2025 ஜூன் 19 அன்று செய்ததை ஒவ்வோர் அணியும் தன் வீரர்களுக்குக் காட்ட வேண்டும். டாட்ஜர்ஸ், சான்டியாகோ அணிகளிடையே அந்தத் தொடர் முழுவதும் பந்தடிகள் தொடர்ந்தன. அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியரின் கையில் பந்து பட்டு இரு மேனேஜர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அதே இன்னிங்ஸில் ராபர்ட் சுவாரெஸின் பந்து ஓட்டானியின் தோள்புறத்தில் பாய்ந்தது. சக வீரர்கள் டக்அவுட்டிலிருந்து கிளம்பத் தயாரானபோது, வலியோடு நின்ற ஓட்டானி கையசைத்து அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார்.