சயாம் ரயிலும் ஹிரோஷிமாவும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்காக நாமும் அழவேண்டும், அணு ஆயுதம் ஒழியவேண்டும் என்று ஹிரோஷிமா நாளன்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனசு ஒப்பவில்லை. என் பாட்டனார், யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போகப்பட்டு அங்கேயே செத்தவர். அந்தக் குண்டு விழாவிட்டால் ஜப்பான்காரன் நம்மை விட்டிருப்பானா? நம் ஆட்களுக்காக யாரும் அழாதபோது அவர்களுக்காக நாம் ஏன் அழவேண்டும்? அணு ஆயுத ஒழிப்பெல்லாம் வல்லரசுகளின் விவகாரம். தோட்டத்து ஜனங்களுக்கு அதில் என்ன வேலை?

– ஒரு வாசகர், பீடோர்

வணக்கம் தம்பி,

உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை, அது எங்கள் வீட்டிலும் இருந்தது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டில், பாட்டியின் ட்ரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டித்துணியில் சுற்றிய, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளி ஒன்று இருந்தது. பிடியில் கட்டைவிரல் பதிகிற இடம் மட்டும் குழிந்து வழுவழுவென்றிருக்கும். தாத்தாவுடையது. 1943ல் ஒருநாள் காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போனவரை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள், மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்றார்களாம். பாட்டி ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த உளியை எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்பச் சுற்றி வைப்பார், கடைசிவரை.

415 கிலோமீட்டர் பாதை அது. அதில் செத்த வெள்ளைக்காரக் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்கள் எத்தனை பேர் என்று சரியான கணக்குகூடக் கிடையாது. இதில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம்.

ஆனால் குண்டு யார் தலையில் விழுந்தது, தம்பி? 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கொரியர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அவர்களில் பலர் நம் தாத்தாமாரைப் போலவே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். மலாயாவிலிருந்து ஜப்பான் அரசு படிக்க அழைத்துப்போன மாணவர்களும் அன்று அந்த ஊரில் இருந்தார்கள். நிக் யூசோப், சையட் ஒமார் இருவரும் இறந்துபோனார்கள், சையட் ஒமாரின் கல்லறை கியோத்தோவில் இருக்கிறது. அப்துல் ரசாக் பிழைத்து வந்து பின்னாளில் இங்கே ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் போய்விட்டார்கள்.

சண்டை முடிந்ததால் உயிரோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ரயில்பாதை 1943 அக்டோபரிலேயே போட்டு முடிந்துவிட்டது, என் தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். ஜப்பானைச் சரணடைய வைத்தது குண்டா, நாகசாகி எரிந்த அதே 9ஆம் தேதி மஞ்சூரியாவுக்குள் நுழைந்த சோவியத் படையா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும், அந்தப் பிள்ளைகளின் உயிரை நம் தாத்தாவின் உயிருக்கு ஈடாக நேர்செய்ய எனக்குக் கை வரவில்லை.

அப்புறம், தோட்டத்து ஜனங்களுக்கு என்ன வேலை என்கிறீர்கள். உலகத்தில் இன்றைக்கும் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன, அந்த நச்சு மழைக்குச் செம்பனைத் தோட்டம் எது, தலைநகரம் எது என்று தெரியாது. நம் நாடு இதில் வாய்மூடி இருந்ததும் இல்லை. தென்கிழக்காசியாவில் அணு ஆயுதம் கூடாது என்ற 1995 பாங்காக் ஒப்பந்தத்தில் மலேசியா இருக்கிறது. 2017ல் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை 2020ல் உறுதிப்படுத்தியும் விட்டது. குண்டு வாங்கிய ஜப்பானோ இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. அங்கே உயிர்தப்பியவர்கள் 1956ல் தொடங்கிய நிஹோன் ஹிடாங்க்யோ என்ற அமைப்பு, சொந்த அரசாங்கத்திடமே நஷ்டஈடு கேட்டும் அணுகுண்டே வேண்டாம் என்றும் இத்தனை வருஷமாகப் போராடுகிறது. 2024ல் நோபல் அமைதிப் பரிசு அவர்களுக்குத்தான். நம்மைப் போலவே கணக்குக் கேட்கிறவர்கள் அவர்கள், எனக்கு அவர்கள் எதிராளியாகத் தெரியவில்லை.

ஹிரோஷிமா நினைவுச்சின்னத்தின் கல்பெட்டிக்குள் இறந்தவர்களின் பெயரேடு இருக்கிறது, எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, ஒவ்வொரு ஆகஸ்ட் 6க்கும் புதுப்பெயர்கள் சேர்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு ஏடு இல்லையே என்றுதான் என் வயிறு எரிகிறது. உங்கள் பாட்டனார் பெயர், தோட்டம், போன வருஷம், தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது, என் தாத்தா பெயருக்குக் கீழே எழுதிக்கொள்கிறேன்.