முன்கூட்டியே வாழ்த்தலாமா?

கேள்வி: ஹாம்பர்க்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். அவனுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாவுக்கு நாங்கள் திரும்பும் நாளுக்கு மறுநாள் பிறந்தநாள். முன்கூட்டியே பரிசு கொடுத்து வாழ்த்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா! ஜெர்மனியில் முன்னதாக வாழ்த்துவது கெட்ட சகுனம். அங்கே வேலை பார்த்தபோது ஆர்வக்கோளாறில் பக்கத்து மேசைக்காரரை இரண்டு நாள் முன்பே வாழ்த்திவிட்டேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் பிறந்தநாளன்று அவரே எங்களுக்குக் கேக் கொண்டுவந்தார். அங்கே பிறந்தநாள்காரர்தான் கொண்டுவர வேண்டுமாம். பரிசை மகனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்த அம்மா காபிக்கு அழைத்தால், 4 மணி என்றால் 4 மணிதான். பூங்கொத்தைக் காகிதம் பிரித்துக் கொடுங்கள். வெள்ளை லில்லி துக்கத்துக்கு உரியது, தவிர்த்துவிடுங்கள். பேச்சில் 'நீங்கள்' என்று பொருள்படும் மரியாதையான 'ஸீ' போதும். 'நீ' என்ற நெருக்கமான 'டூ'வை அவரே தொடங்கட்டும்.

ஞாயிறன்று பெரும்பாலும் கடைகள் கிடையாது, சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். காலிக் கண்ணாடி பாட்டில்களைத் தெருத்தொட்டியில் போடவும் அன்று தடைதான், சத்தம் கேட்குமாம்! ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.