ஸ்லிதர்லிங்க் புதிரை ப்ரோக்ராம் எழுதி விடுவிப்பது: கேள்வி பதில்

ஜப்பானின் நிகோலி இதழில் 1989இல் அறிமுகமான புதிர் இது. புள்ளிகளை இணைத்து ஒரே ஒரு மூடிய வளையம் போட வேண்டும். கட்டத்துக்குள் 2 இருந்தால், அதன் நாலு பக்கத்தில் சரியாக இரண்டில் கோடு ஓட வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு கோடாகப் போட்டு, ஒத்துவராவிட்டால் அழித்துப் பின்வாங்கும்படி எழுதினேன். 5×5 வந்துவிடுகிறது. 10×10 ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை.

பதில்: 10×10இல் கோடு போடக்கூடிய கட்டப் பக்கங்கள் மொத்தம் 220. வெறுமனே முயன்று பார்ப்பது அதற்குத் தாங்காது. சாட் சால்வரிடம் (உண்டு-இல்லை நிபந்தனைகள் எல்லாம் ஒன்றாக நிறைவேறும் விடையைத் தேடித் தரும் மென்பொருள்) கொடுங்கள்; பைத்தானில் பைசாட் என்ற நூலகம் போதும். பக்கத்துக்கு ஒரு மாறி: கோடு உண்டு அல்லது இல்லை. ஒரு புள்ளியில் 0 கோடு அல்லது 2 கோடு மட்டுமே சேரலாம். உட்புள்ளிக்கு இதை 8 நிபந்தனையில் எழுதலாம். எந்த மூன்று பக்கமும் சேர்ந்து வரக்கூடாது, இது 4. ஒரு பக்கம் வந்தால் மற்ற மூன்றில் ஒன்றாவது வர வேண்டும், இது 4. ஓரப் புள்ளிக்கு 4, மூலைக்கு 2. ஆக மொத்தம் 800. இதற்குக் குறைந்தால் எங்கோ ஒரு ஓரத்தை விட்டிருக்கிறீர்கள். எண்களுக்கானவை தனி, 3க்கு 7, 2க்கு 8.

கேள்வி: அண்ணா, எண்ணெல்லாம் சரியா வருது. ஆனா மூணு தனித்தனி வளையம் வருதே?

பதில்: வரத்தான் செய்யும். புள்ளி விதிக்குத் தன்னைச் சுற்றியுள்ள நாலு பக்கம் மட்டுமே தெரியும். வந்த விடையில் ஒரு கோட்டில் தொடங்கி நடந்து, வளையங்களைப் பிரித்தெடுங்கள். 8 கோட்டில் ஒரு குட்டி வளையம் இருந்தால், 'இந்த எட்டும் ஒன்றாக வரக்கூடாது' என்ற ஒரே நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். சால்வரைப் புதிதாக உருவாக்காதீர்கள், அதுவரை கற்றதெல்லாம் போய்விடும்.

தடை போடுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அந்த வளையம் தனியாகவே எல்லா எண்ணையும் நிறைவேற்றுகிறதா? நிறைவேற்றினால் அதுதான் விடை. மற்றவை எண்ணில்லாத கட்டங்களைச் சுற்றி வந்த உபரி. இதைப் பார்க்காமல் தடுத்தால் சரியான விடையே வெளியேறி, 'விடை இல்லை' என்று வந்து நிற்கும். எண் குறைவான புதிர்களில்தான் இது நடக்கும் என்பதால் பல நாள் கண்ணில் படாமலே கிடக்கும்.

கேள்வி: சாட்டுக்குப் பதிலாக, கூகுளின் ஓஆர்-டூல்ஸ் நூலகத்தில் ஒரே சுற்றாக வர வேண்டும் என்று கேட்கும் ஆட்சர்க்யூட் நிபந்தனையில் எழுதினேன். ஒரே விடை இரண்டு முறை வருகிறது.

பதில்: அது திசையுள்ள சுற்று, வலமாக ஒன்று, இடமாக ஒன்று. விடைகளைத் திசையில்லாத பக்கங்களாக மாற்றி ஒப்பிடுங்கள். ஒரே பக்கத்தில் போய்த் திரும்புவதையும் அது சுற்றாக ஏற்கும். இரு திசையும் சேர்ந்து வரக்கூடாது என்று தனியே எழுதுங்கள்.

கேள்வி: விடை ஒன்றுதானா என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: கிடைத்த வளையத்தையே தடுத்து மறுபடி ஓட்டுங்கள். 'நிறைவேறாது' என்று வந்தால் ஒன்றுதான்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 3 இருந்தால் நடுக்கோட்டை முதலிலேயே போட்டுவிடலாமா?

பதில்: பெரிய புதிரில் போடலாம். 1×2 சோதனைப் புதிரில் இரண்டு கட்டத்திலும் 3 கொடுத்துப் பாருங்கள்: வெளியே சுற்றும் 6 கோடுதான் விடை, நடுவில் கோடே கிடையாது.