வாடகை வீட்டில் நான்கு வருடத்துக்கு முன் தரையில் நட்ட மல்லிகையையும் கறிவேப்பிலையையும் வீடு மாறும்போது கொண்டுபோக முடியுமா?

முடியும். நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை விட்டுவிட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

முதலில் உரிமை. வாடகைக்கு இருப்பவர் தான் நட்டதை, வீடு தன் வசம் இருக்கும்போதே எடுத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இடம் தருகிறது. குழியை மூடி, இடத்தைப் பழையபடி விட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த கறிவேப்பிலை மரத்தைத் தோண்டாதீர்கள். ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது கஷ்டம். அடியைச் சுற்றி முளைத்திருக்கும் பக்கக் கன்று ஒன்றை வேரோடு எடுத்து இப்போதே தொட்டியில் வையுங்கள்.

மல்லிகைக்குப் பதியம்தான் என் தேர்வு. தாழ்வான கொடியை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர்விடும். அப்புறம் தாய்ச்செடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அவ்வளவு நாள் இல்லையா? கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்து, முந்தின நாள் நன்றாக நனைத்து, மண்கட்டி உடையாமல் தோண்டி ஈரச் சாக்கில் கட்டுங்கள். மண் உதிர்ந்தால் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களும் சேர்ந்து போய்விடும்.

திறந்த வண்டியில் காற்றே இலையைக் காயவைத்துவிடும், பழைய வேட்டியால் மூடுங்கள். புது வீட்டில் பத்து நாள் நிழலில் இருக்கட்டும். இலை கொட்டினால் பயப்படாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது.